கம்பி சுற்றிய கை

ஒரு அமெரிக்காக்காரி மேல் எனக்குப் பல வருஷம் பொறாமை இருந்தது. அவளை நேரில் பார்த்ததில்லை. ஒரு வீடியோ கேசட்டில்தான் பார்த்தேன். அதிலும் அவள் வந்து போகிற நேரத்துக்குள் ஒரு டம்ளர் பால்கூடக் காயாது. கண்ணாடி போட்ட, பூசினாற்போல் உடம்புள்ள, என்னைவிட மூத்த பெண்பிள்ளை. என் சொத்தில் பங்கு கேட்கவில்லை, என் வீட்டுக்காரரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் அவளை நினைத்தால் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சக்களத்தி என்று ஒருத்தி வந்திருந்தால்கூட நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்திருப்பேன். கேசட்டுக்குள் இருப்பவளை என்ன செய்ய முடியும்?

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் ரேடியோவையும் டேப் ரிக்கார்டரையும் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் நான் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊரில் மேகம் கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் வந்துவிடும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் உள்ளே பூசணம் பிடிக்கும், துரு ஏறும். அதனால் ரிப்பேருக்குக் குறைச்சல் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், போர்டிங் ஸ்கூல் மியூசிக் வாத்தியார் ஒரு எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்தார். சத்தம் செத்துவிட்டது என்றார். இவர் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே பெரிய மாயமந்திரம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்னக் காந்தங்கள், அவற்றைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பி. மெக்கானிக்குகள் அதைக் காயில் என்பார்கள். மேலே இருக்கிற தந்தி அதிர்வதை அந்தக் காயில்தான் கரண்டாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. அறுந்துபோயிருந்த ஒரு முனையைப் பற்றவைத்துக் கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அவரை விடவில்லை.

"அம்மிணி, இதை நாமளே செய்யலாம் போலிருக்குதே" என்றார் சோற்றில் கையை வைத்துக்கொண்டு.

"சாப்பாடு ஆறுதுங்க" என்றேன் நான்.

பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் ஒரு தோட்டக்காரரிடம் காய்ந்த பலாப் பலகை வாங்கி வந்தார். வீணை செய்கிற மரம், கிடாருக்கு ஆகாமலா போகும் என்று அவர் கணக்கு. பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தம் எடுத்தார். மரத்தை இழைத்தார், பாலிஷ் போட்டார், வாத்தியாரைக் கூப்பிட்டு வைத்துத் தந்திக்கு இடம் குறித்தார். எல்லாம் வந்தது. காயில் மட்டும் வரவில்லை. அந்தக் கம்பி என் தலைமுடியைவிட மெல்லிசு. கையால் சுற்றினார், அறுந்தது. துளை போடுகிற மெஷினில் மாட்டிச் சுற்றினார், அறுந்தது. இறுக்கினால் அறுந்தது, தளர்த்தினால் சிக்கு விழுந்தது. கடைத் தரையெல்லாம் செம்பு மயிர். பெருக்குகிறவள் நான். ஒரு நாள் பொறுமை போய்த் திரையை விலக்கிக்கொண்டு வந்தேன்.

"தள்ளுங்க, நான் பார்க்கறேன்."

தையல் மெஷினில் கைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பாபினுக்கு நூல் சுற்றுகிற குட்டிச் சக்கரம் ஒன்று இருக்கும். சக்கரத்தின் திருகைத் தளர்த்திவிட்டு மிதித்தால் ஊசி ஓடாது, அது மட்டும் சுற்றும். அதில், கம்பி சுற்றுவதற்காக அவர் செய்து வைத்திருந்த காயில் கட்டையைப் பொருத்தச் சொன்னேன். வளையல்கள் கம்பியில் இடித்துவிடும் என்று முழங்கைப் பக்கம் ஏற்றி ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டேன். பழைய பட்டுத் துணித் துண்டு ஒன்றை மடித்து, அதற்குள் கம்பியை வைத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தேன். பிறகு மெதுவாக மிதித்தேன். கம்பி எப்போது அறுந்துபோகப் பார்க்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அறுந்துபோவதற்கு முன்னால் அதில் ஒரு சின்னப் பிடிவாதம் வரும். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். சிடுசிடுக்கிற ஆளோடு குடித்தனம் நடத்தினவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. சாயங்காலத்துக்குள் கட்டை நிறைந்துவிட்டது.

அந்தக் கிடார் பாடியது. வாத்தியார் வாசித்தபோது பக்கத்து டீக்கடையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த அக்கா பாத்திரத்தோடு ஓடி வந்தாள். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மலை மேல உக்காந்துக்கிட்டு இப்படி ஒரு சத்தத்தைக் கொண்டுவந்துட்டீங்களே. எப்படிங்க?" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்த்தேன்.

"எல்லாம் மரம்தானுங்க சார். மரத்துல இருக்குது விஷயம்" என்றார்.

"அந்தக் காயில்?"

"அது சும்மா சுத்துறதுதானுங்க."

சும்மா சுத்துறது. அந்த வார்த்தை என் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அதற்கப்புறம் ஊரில் அவர் பெயர் கிடார்க்காரர் என்று ஆகிவிட்டது. சேலத்துக் கச்சேரிக் குழுக்கள் ஆள் அனுப்பின. சர்ச்சில் வாசிக்கிற பையன்கள் வந்தார்கள். மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்து சும்மா பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. வந்தவர்கள் எல்லாரும் பலகையைத் தடவினார்கள், பாலிஷில் முகம் பார்த்தார்கள், அவர் தோளில் தட்டினார்கள். என்னிடம் டீ வாங்கிக் குடித்தார்கள். ஒவ்வொரு கிடாருக்கும் காயில் சுற்றியது நான். அவரும் அதை மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். மறைக்கிற அளவுக்கு அது ஒரு விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

எனக்கு மாலையும் வேண்டாம், மேடையும் வேண்டாம். இதைச் சுற்றியது யார் என்று ஒருத்தராவது கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத் திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் "தைச்சது யாரு?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்களே, அதைப்போல.

இந்த நிலைமையில்தான் அந்தக் கேசட் வந்தது. ஸ்கூலில் படிக்கிற ஒரு பையனின் அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாம். வாத்தியார் வாங்கி வந்தார். ரிப்பேருக்கு வந்த வீடியோ டெக் ஒன்று எங்கள் கடையில் எப்போதும் இருக்கும். ரிப்பேர் முடிந்தாலும் சரிபார்க்கிறேன் என்று இவர் ஒரு வாரம் வைத்திருப்பார். கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கேசட்டில் இரண்டு படம். இரண்டுமே உலகமெல்லாம் பேர் போன ஒரு எலெக்ட்ரிக் கிடார் கம்பெனியின் கதை. இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனார்கள், வாத்தியார் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

முதல் படம் கம்பெனியை ஆரம்பித்தவரைப் பற்றியது. அந்த ஆள் முதலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தாராம். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னங்க சார் சொல்றீங்க! நம்மளாட்டமேவா?"

"உங்களாட்டமேதாங்க. இன்னொண்ணு கேளுங்க. அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாதாம்."

இவருக்கும் தெரியாது. சுருதி சேர்க்கக்கூட வாத்தியார் வர வேண்டும். இதுவரை அதை ஒரு குறையாக நினைத்துக்கொண்டிருந்தவர் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த நாளிலிருந்து சட்டைப் பையில் நாலு பேனா, ஒரு ஸ்க்ரூ டிரைவர். படத்தில் அந்தப் பெரியவர் அப்படித்தான் வைத்திருந்தார். தலையைக்கூட அவரைப்போல மேலே தூக்கி வாரினார். இருந்த முடிக்கு அது எடுபடவில்லை.

"சார், அந்தப் பெரியவர் ஊட்டுக்காரம்மா எங்கீங்க?" என்று நான் கேட்டேன்.

வாத்தியார் யோசித்தார். "அவங்களைப் பத்தி இதுல ஒண்ணும் வரலீங்களே."

அப்பாடா என்று இருந்தது. அமெரிக்காவிலும் திரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் இரண்டாவது படம் வரைக்கும்தான்.

இரண்டாவது படம் தொழிற்சாலையைப் பற்றியது. மரம் அறுத்தார்கள், இழைத்தார்கள், பெயிண்ட் அடித்தார்கள். பிறகு ஒரு நீளமான அறை. வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு சின்ன மெஷின். அதில் ஒரு கட்டை சுற்றுகிறது, அவள் விரல்களுக்கு நடுவில் கம்பி ஓடுகிறது. என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அது என் வேலை. என் தையல் மெஷினில் நான் செய்கிற அதே வேலை. அந்த வரிசையில் ஒருத்தியிடம் காமிரா போய் நின்றது. அவள்தான் நான் சொன்ன அமெரிக்காக்காரி. கேள்வி கேட்கிறார்கள், அவள் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்துச் சிரித்துப் பதில் சொல்கிறாள்.

"என்னங்க சொல்றாங்க?" என்று வாத்தியாரைக் கேட்டேன்.

"இந்தம்மா நொம்ப வருஷமா காயில் சுத்துறாங்களாம். இவங்க கையால சுத்துன காயிலுக்குத் தனி நாதம் உண்டுன்னு பெரிய பெரிய ஆளுங்க தேடி வந்து வாங்குறாங்களாம்" என்றார் வாத்தியார்.

பிறகு அவள் ஒரு காகிதப் பட்டையில் பேனாவால் தன் பெயரை எழுதி, கிடாரின் உள்பக்கம் ஒட்டினாள். காமிரா அந்தப் பெயரைக் கிட்டத்தில் போய்க் காட்டியது. இரண்டு இளவட்டங்கள் ஒரு பழைய கிடாரைத் திறந்து, உள்ளே அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுக் குதிக்கிறார்கள். புதையல் எடுத்தவர்கள்கூட அப்படிக் குதிக்க மாட்டார்கள்.

எனக்குக் காதில் புகை வந்தது. அவளுடைய கண்ணாடியைப் பார்த்தேன், வாட்ச்சைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மெத்தை இருந்தது. நான் உட்காருகிற ஸ்டூலில் ஒரு கால் குட்டை, அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னைவிட என்ன பெரிதாகச் சுற்றிவிட்டாள்? அவளுக்கு மேகம் இல்லை, கரண்ட் போவது இல்லை, நடுவில் அடுப்பில் குழம்பைப் பார்க்க எழுந்திருக்க வேண்டியது இல்லை. அவள் மிதிக்கக்கூட வேண்டாம், மெஷின் தானாக ஓடுகிறது. இவளைத் தேடி வருகிறார்களாம்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதாவது என் பக்கம் திரும்புவார் என்று இருந்தேன்.

"சார், அந்த மெஷினுக்குப் பக்கத்துல சுத்து எண்ணுறதுக்கு ஒரு மீட்டர் வெச்சிருக்காங்க பார்த்தீங்களா?" என்றார் அவர்.

வாத்தியார் அந்தக் கேசட்டை எங்களிடமே விட்டுப் போனார். என் வீட்டுக்காரர் பார்ட்ஸ் வாங்கச் சேலத்துக்கு இறங்குகிற நாட்களில் மத்தியானம் நான் மட்டும் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்ப்பேன். முதல் படத்தை ஓட்டிவிட்டு நேராக அவளிடம் போய்விடுவேன். அவள் விரல் பிடிக்கிற பக்குவத்தைப் பார்ப்பேன். என்னைவிடத் தளர்வாகப் பிடிக்கிறாள் என்று தோன்றும். ஒரு சமயம் நான்தான் சரி என்று தோன்றும். மறு சமயம் அவள் கையில் இருக்கிற அமைதி எனக்கு வரவே வராது என்று தோன்றும். அப்போது டெக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்குவேன். ரொம்ப நேரம் துலக்குவேன்.

அடுத்து ஒரு கிடார் தயாரானபோது நானும் ஒரு துண்டுக் காகிதம் வெட்டினேன். என் பெயரை எழுதினேன். எட்டாவது வரைக்கும் படித்தவள், கையெழுத்து நன்றாகவே இருக்கும். கோந்து தடவிக் காயிலுக்குப் பக்கத்தில் உள்ளே ஒட்டி வைத்தேன். மறுநாள் காலையில் பெருக்கும்போது அந்தக் காகிதம் குப்பையோடு வந்தது.

"இதை எடுத்தது யாருங்க?"

"நாந்தான். காகிதத்தை உள்ள வெச்சா ஈரத்தை இழுக்கும் அம்மிணி. நம்மூரு மேகத்துக்கு ஒரே மாசத்துல காயில் பச்சை பூத்துரும்" என்றார், பற்றவைப்பதிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் சொன்னது நியாயம். ஏற்காட்டில் காகிதம் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். சண்டை போடுவதற்குக்கூட இடம் வைக்காத நியாயம். அமெரிக்காக்காரிக்கு வெயில்கூட உதவி செய்கிறது, எனக்கு மேகம்கூட எதிரி என்று நினைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

தொண்ணூறுகளில் ஊருக்குள் கேபிள் டிவி வந்தது. சேலத்திலிருந்து வந்து கேபிள் நடத்தின தம்பி ஒருவர், கல்யாண வீடியோவும் எடுப்பார். மே மாசம் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வரும், லாட்ஜுகள் நிறையும். அந்தச் சமயத்தில் தன் சேனலில் போடுவதற்கு உள்ளூர் விஷயம் தேடிக்கொண்டிருந்தார். இவர் சும்மா இருப்பாரா? அந்தக் கேசட்டை எடுத்துக் கொடுத்து, இதைப்போல நம்ம ஊரிலும் ஒரு படம் எடுக்கலாமே என்று சொல்லிவிட்டார். கேபிள் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணா, அப்படியே எடுத்துரலாம்" என்றார்.

அப்படியேதான் எடுத்தார்கள். அமெரிக்கப் பெரியவர் ஜன்னல் வழியாக யோசித்தார் என்று இவரையும் ஜன்னலில் நிறுத்தினார்கள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே டீக்கடைச் சாம்பல் மேடு, அதைப் பார்த்து யோசித்தார். ஏரிக்கரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எஸ்டேட் ஓரத்தில் ஒரு மரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். அது பலா மரம்கூட இல்லை, மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக். நான் டீ போட்டேன். தட்டில் வைத்துக் கொண்டுவரும்போது ஒரு தடவை என்னையும் எடுத்தார்கள். "ஊட்டுக்காரம்மாவோட ஒத்துழைப்புன்னு போட்டுக்கலாம்" என்றார் கேபிள் தம்பி. ஒத்துழைப்பாம். டீயில் சர்க்கரை போடாமல் விட்டிருக்கலாம்.

கடைசியில் காயில். கேபிள் தம்பிக்கு அந்தக் காட்சி கட்டாயம் வேண்டும். கல்யாண வீட்டு விளக்கைத் தூக்கி என் தையல் மெஷின் மேல் பிடித்தார்கள். இவர் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். பட்டுத் துணியை எப்படி மடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மிதித்தார், அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடியும் மிதித்தார், மறுபடியும் அறுந்தது. விளக்குச் சூட்டில் நெற்றியெல்லாம் வேர்வை. நாலு பேனாவும் சட்டைப் பையில் ஆடின. நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வரவில்லை. சும்மா சுத்துறதுதானே, சுத்துங்களேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, வேற யாராச்சும் இதைச் சுத்துவாங்களா? மூஞ்சி வேண்டாம், கையை மட்டும் எடுத்துக்கறேன். பார்க்கறவங்களுக்கு உங்க கைன்னே இருக்கும்" என்றார் கேபிள் தம்பி.

என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார். "அம்மிணி, செத்த வா."

போய் உட்கார்ந்தேன். காமிரா என் கைக்குக் கிட்டத்தில் வந்து நின்றது. வழக்கம்போல வளையலை மேலே ஏற்றி ரப்பர் பேண்டு போடப் போனேன். அப்போது கேபிள் தம்பி சொன்னார்:

"அக்கா, அந்த வளையலைக் கழட்டி வெச்சிருங்க. ஆம்பளை கையாட்டம் தெரியோணும்."

அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தெரியாமல் கேட்டுவிட்டான். எனக்கும் அதில் அப்படியொன்றும் பெரிய பக்தி கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கழற்றி ஜன்னலில் வைத்தவள்தான் நான். ஆனால் அத்தனை வருஷத்து எரிச்சலும் அந்த நொடியில் எழுந்து என் வாயில் வந்து நின்றது.

"ஏனுங்க தம்பி, என் ஊட்டுக்காரர் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறாரு. அவர் முன்னாடி என்னை வளையல் கழட்டச் சொல்றீங்களா? எப்பக் கழட்டுவாங்கன்னு உங்க அம்மாகிட்டப் போயிக் கேளுங்க."

கேபிள் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. என் பெயர் குப்பைக்குப் போனபோது பதறாத மனிதர், தன் உயிர் என்றதும் பதறிவிட்டார்.

"வேண்டாங்க தம்பி, வேண்டாங்க! வளையல் இருக்கட்டும். ஒண்ணும் கழட்ட வேண்டாம். அப்படியே எடுங்க!"

நான் ரப்பர் பேண்டைக் கீழே வைத்துவிட்டேன். ஏற்றியிருந்த வளையல்களையும் மணிக்கட்டுக்கு இறக்கினேன். சேர்வராயன் கோயில் திருவிழாவில் வாங்கின கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும், ஒரு கை நிறைய. அப்படி நான் சுற்றியதே இல்லை. ஒரு வளையல் தட்டினால் கம்பி போய்விடும். போனால் ஆம்பிளைகள் முன்னால், காமிராவுக்கு முன்னால் என் மானமும் போய்விடும். அந்த அமெரிக்காக்காரியை நினைத்துக்கொண்டேன். நீ வளையல் இல்லாத கையோடு சுற்றினாய், இதைப் பார் என்று மிதிக்க ஆரம்பித்தேன்.

மணிக்கட்டை அசைக்காமல் விரலை மட்டும் நகர்த்தினேன். மெஷின் அதிர அதிர வளையல் கிலுகிலு என்றது. கம்பியில் அந்தப் பிடிவாதம் வந்தபோது விட்டுக்கொடுத்தேன். கம்பி அறுந்துபோகவில்லை. கட்டை நிறைகிற வரைக்கும் அறுந்துபோகவில்லை. கேபிள் தம்பி காமிராவை இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

படம் மலர்க் கண்காட்சி வாரத்தில் வந்தது. டீக்கடையில் டிவி இருந்ததால் தெருவே அங்கே கூடியது. என் வீட்டுக்காரர் முன் பெஞ்சில், நான் வாசலில். ஜன்னல் யோசனை வந்தது, ஏரிக்கரை நடை வந்தது, மரத்தைத் தட்டினதும் வந்தது. பிறகு காயில். டிவி நிறைய என் கை. சிவப்பும் பச்சையும் வளையல். பின்னால் கேபிள் தம்பியின் கணீரென்ற குரல்: "இதிலேயே கஷ்டமான வேலை கம்பி சுற்றுவதுதான். அதையும் இவர் தன் கையாலேயே செய்கிறார்." கூடவே கிலுகிலு, கிலுகிலு என்று வளையல் சத்தம்.

கடை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். "ஏனுங்கண்ணா, வளையல் நொம்ப எடுப்பா இருக்குதுங்க. எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று டீக்கடை அக்கா கேட்டாள். கேட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பி என் கையைப் பார்த்தாள். ஒவ்வொருவராகத் திரும்பி என் கையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கேபிள் தம்பியிடம் வேறு சரக்கு இல்லாததால் அந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப அதையே போட்டார்.

வாரக் கடைசியில் ஒருவர் கடைக்கு வந்தார். கண்காட்சிக் கச்சேரிக்காகச் சேலத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருந்த, கிடார் வாசிக்கிறவர். தோளில் நாங்கள் செய்துகொடுத்த கிடாரே இருந்தது. நான் திரைக்குப் பின்னால் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க, வாங்க. மரத்துல ஏதும் விரிசலுங்களா?" என்று இவர் எழுந்தார்.

"மரத்துக்கு ஒண்ணும் இல்லீங்க. இந்தக் காயிலைச் சுத்துறவங்க இருக்காங்களா? அவங்களைப் பார்க்கோணும்."

என் ஊசி நின்றுவிட்டது.

"காயிலெல்லாம் பெரிய விஷயம் இல்லீங்க. மரம்தான்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"இல்லீங்க. நானும் எத்தனையோ கிடார் வாசிச்சுட்டேன். இந்த நாதம் எங்கிருந்து வருதுன்னு இத்தனை வருஷமாத் தெரியல. லாட்ஜ் டிவியில அந்தக் கையைப் பார்த்தப்பறந்தான் தெரிஞ்சுது."

நான் திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். அவர் என் கையைப் பார்த்துக் கும்பிட்டார். பெரிய மனுஷர், நரைத்த மீசை, எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "உங்க பேரு என்னங்கம்மா? எங்க குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லோணும்" என்றார்.

அத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. வாயைத் திறக்கப் போனேன். அப்போது பக்கத்திலிருந்து என் பெயர் கேட்டது. என் வீட்டுக்காரர் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அம்மிணி, இந்தா, ஏ புள்ளே என்று கூப்பிட்ட மனுஷர், முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் என் முழுப் பெயரையும் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கன்னம் இறுகி, கண் எங்கேயோ பார்த்து, உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தார். அது எனக்குப் பழக்கமான முகம். டிவியில் அந்த அமெரிக்காக்காரி வரும்போதெல்லாம் எங்கள் கடைக் கண்ணாடி ஷோகேஸில் நான் பார்த்த என் முகம். அவரைப் பார்த்துப் பாவமாக இருக்குமென்று நினைத்தேன். இல்லை. வயிறு குளிர்ந்தது.